ரெகுலேட்டருக்கு ஃபேன் மாட்டலாமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். “அண்ணா, என் பைக்கில் ஒன்றரை வருஷத்தில் ரெண்டு ரெகுலேட்டர் போய்விட்டது. இப்போது மூன்றாவது ஓடுகிறது. தொட்டால் கை சுடுகிறது. கம்ப்யூட்டரில் இருக்கிற சின்ன ஃபேனை அதன்மேல் மாட்டினால் தாங்குமா?” என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரெகுலேட்டர் என்றால், இஞ்சின் ஓடும்போது வருகிற கரண்ட்டைப் பேட்டரிக்கு ஏற்ற அளவில் நிறுத்தும் சின்னப் பெட்டி.

மாட்டலாம் தம்பி, பலன் இருக்கும். ஆனால் ரெண்டு ரெகுலேட்டர் அடுத்தடுத்துப் போயிருக்கிறது என்றால் நான் முதலில் ஃபேனைத் தேடமாட்டேன், ஒயர்களை இணைக்கும் பிளக்கை, அதாவது கப்ளரைக் கழற்றிப் பார்ப்பேன். இஞ்சினில் கரண்ட் உண்டாக்கும் கம்பிச் சுருளுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். பல பைக்குகளில் அதிலிருந்து மூன்று ஒயர் ரெகுலேட்டருக்கு வரும், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில். அந்தக் கப்ளரைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் டீ நிறத்துக்கு மாறியிருக்கும். அந்த மூலையில் இருக்கிற பின் கறுத்திருக்கும். பக்கத்து ஒயரை வளைத்தால் வளையாமல் விறைப்பாக நிற்கும். அங்கே பின் சரியாகப் பிடிக்கவில்லை, அதனால் சூடாகிறது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டுவிட்டு மேலே எத்தனை ஃபேன் மாட்டினாலும் நாலாவது ரெகுலேட்டரும் போகும்.

அது ஏன் இவ்வளவு சூடாகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பைக்கில் மேக்னெட் சுற்றச் சுற்ற ஸ்டேட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். காந்தத்தின் பலத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. ரெகுலேட்டர் அந்த ஏசியை டிசியாக மாற்றி, பேட்டரிக்கு 14, 14.5 வோல்ட் அளவில் நிறுத்த வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் இருப்பது ஷன்ட் வகை. வோல்ட் எல்லை தாண்டினால் அது ஸ்டேட்டர் ஒயர்களை உள்ளுக்குள்ளேயே ஷார்ட் செய்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 20 ஆம்பியர் ஓடுகிறது, உள்ளே இந்த வேலையைச் செய்யும் டயோட், எஸ்சிஆர் என்ற எலக்ட்ரானிக் பாகங்கள் சேர்ந்து சுமார் 2 வோல்ட்டைத் தின்கிறது என்று வையுங்கள். 40 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் சூடு, உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டியில்! ஹெட்லைட்டை அணைத்தாலோ எல்ஈடி மாற்றினாலோ ரெகுலேட்டருக்கு ஓய்வு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஷன்ட் வகையில் அது நடக்காது. லைட்டுக்குப் போகாத கரண்டும் அதன் வழியாகத்தான் சுற்றியாக வேண்டும்.

இந்த 40 வாட்டை ஃபேன் குறைக்காது, வெளியே தள்ள உதவும், அவ்வளவுதான். வேகமாகப் போகும்போது காற்றே அந்த வேலையைப் பார்த்துவிடும். நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகிறீர்கள், ரெகுலேட்டர் சீட்டுக்கு அடியில் காற்றே படாத இடத்தில் இருக்கிறது என்றால், அங்கேதான் ஃபேனுக்கு மரியாதை.

அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ரெகுலேட்டரின் முதுகு எதில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெயின்ட் அடித்த இரும்புத் தகடு என்றால் சூடு நகராது. இரும்பைவிட அலுமினியம் சூட்டை மூன்று நாலு மடங்கு நன்றாகக் கடத்தும். கொஞ்சம் பெரிய அலுமினியத் தகடாக வைத்து, நடுவே சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி போல்ட்டை இறுக்குங்கள். பேஸ்ட்டை வெண்ணெய் மாதிரி அப்ப வேண்டாம். ரெகுலேட்டர் பாடியே எர்த்தாக இருக்கிற மாடல் என்றால், பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குத் தனி ஒயர் கொடுத்துவிடுங்கள்.

ஃபேன் மாட்டும்போது கம்ப்யூட்டர் ஃபேன் வேண்டாம். மழையும் புழுதியும் சேர்ந்து அதன் பேரிங்கைச் சீக்கிரம் முடித்துவிடும். நின்றுபோன ஃபேன், வருகிற காற்றையும் மறைத்து நிற்கும். தண்ணீரும் தூசியும் புகாது என்பதற்கு ஐபி67 என்று குறித்த 12 வோல்ட் ஃபேன் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். முன்பக்கம் மறைக்காமல், காற்று ரெகுலேட்டர்மேல் இருக்கிற அலுமினியத் துடுப்புகளின் நீளவாக்கில் ஓடுகிற மாதிரி பக்கவாட்டில் வையுங்கள். அதிர்வுக்கு ரப்பர் வாஷர் போடுங்கள். லைனைச் சாவிக்குப் பிறகு எடுத்து, 1 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். பேட்டரியிலிருந்து நேரடியாக எடுத்தால் 0.2 ஆம்பியர் ஃபேன்கூட ஒரு நாளில் கிட்டத்தட்ட 5 ஆம்பியர் ஹவரைக் குடித்துவிடும். சின்ன பைக்கில் பேட்டரியே அவ்வளவுதான். இஞ்சின் நின்றால் ரெகுலேட்டரில் புதிதாகச் சூடு வராது, அதனால் ஃபேனும் சாவியோடு நிற்கட்டும்.

இதெல்லாம் செய்தும் கொதித்தால் சீரிஸ் வகை ரெகுலேட்டருக்கு மாறுவதுதான் சரி. அது மிச்சத்தை ஷார்ட் செய்யாமல் லைனைத் திறந்துவிடும், ஸ்டேட்டரும் குளிர்ந்து ஓடும். என் பைக்காக இருந்தால் ஃபேன் காசை அதில்தான் போடுவேன்.

இப்போதைக்கு ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் எவ்வளவு, 5000 ஆர்பிஎம்மில் எவ்வளவு என்று பாருங்கள். 15க்கு மேல் போனால் வண்டியை ஓட்டாதீர்கள், பேட்டரி கெட்டுவிடும். அப்புறம் அதே ஆர்பிஎம்மில் ரெகுலேட்டர் பிளஸ்ஸுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு ஒயரிலோ கப்ளரிலோதான். மூன்று அளவையும் எழுதி அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.