ஸ்தோத்திரபலியில் மிச்சம் வைக்கலாமா?

சபையோரே, எபிரெயர் 13:15 நமக்கு மனப்பாடம். "உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி" என்றதும் கீபோர்ட்டும் கைத்தட்டலும் தொடங்கிவிடும். அடுத்த வசனத்துக்குத்தான் ஆள் குறைவு. நன்மை செய்யவும் தானதர்மம்பண்ணவும் மறவாதிருங்கள் என்று சொல்லி, அதையும் பலி என்றே சொல்கிறது 16ஆம் வசனம். பாட்டு ஒரு பக்கம், காணிக்கைத் தட்டு ஒரு பக்கம் என்று பிரித்தது நாம்.

லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நன்றி சொல்லிச் செலுத்தும் ஸ்தோத்திரபலிக்கு வந்த ஆட்டின் கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்பும் ஒரு தொடையும் ஆசாரியருக்கு, மீதி இறைச்சி கொண்டுவந்தவனுக்கு. ஒரு நிபந்தனை: விடியும்வரை ஒன்றும் மிஞ்சக்கூடாது. நேர்ந்துகொண்ட பொருத்தனைக்கும், மனமுவந்து தரும் உற்சாகபலிக்கும் மறுநாள்வரை தவணை உண்டு, இதற்குக் கிடையாது. காரணம் எழுதப்படவில்லை. ஆனால் ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்க்குமா? பக்கத்து வீட்டைக் கூப்பிட்டே ஆக வேண்டும். 22ஆம் சங்கீதத்திலும் துதித்துப் பொருத்தனை செலுத்திய உடனே, சிறுமைப்பட்டவர்கள் சாப்பிட்டுத் திருப்தியடைகிறார்கள்.

இனி நம்முடைய அறுப்பின் பண்டிகைக்கு வருவோம். லீக்ஸ், கோவா, கரட், போஞ்சி எல்லாம் பீடத்தின் முன் குவியும். பிறகு ஏலம். ஒரு பூசணிக்காயை இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிவிட்டு, "காசு அடுத்த மாதம்" என்பார்கள். அந்தக் கடன் புத்தகத்திலேயே கிடக்கும். கடன் ஏலத்தை நிறுத்துங்கள். குவியலில் ஒரு பகுதியை ஏலத்துக்கு முன்பே ஒதுக்கி, படுக்கையில் இருப்பவர்களுக்கும் பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் அன்றைக்கே அனுப்புங்கள். திங்கட்கிழமைக்கு வைத்தால் லீக்ஸ் வாடிவிடும்.

காணிக்கை கேட்கும் நாளையும் பார்த்து வையுங்கள். பத்தாம் திகதி சம்பளம் வாங்குகிற தோட்டத் தொழிலாளரிடம் மாதக் கடைசியில் விசேஷ காணிக்கை கேட்டால், அவர்கள் கடையில் கடன் வாங்கித்தான் போடுவார்கள். இல்லாததன்படியல்ல, உள்ளதன்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகச் சொல்கிறது. அரைப் பேர் (பாதி நாள் சம்பளம்) விழுந்த மாதத்தில் ஒரு வீட்டுக்கு உள்ளது எவ்வளவு என்று சபை மூப்பருக்குத் தெரியாதா?

மாற்கு 12இல் ஏழை விதவை காணிக்கையாகப் போட்ட இரண்டு காசு, அந்தக் காலத்து நாட்கூலியான ஒரு தெனாரியத்தில் 64இல் ஒரு பங்கு. 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது ஏறக்குறைய 21 ரூபாய். அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரைப் பற்றி இயேசு அதற்கு முந்தின வசனங்களிலேதான் எச்சரிக்கிறார். கட்டட நிதிக்கு இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கினால் நல்லது.

காசு புழங்காத வீட்டுக்குக் கைப்பிடி அரிசி இருக்கிறது. உலை வைக்கும்போது, அரிசியைக் கழுவுவதற்கு முன், ஒரு பிடி எடுத்து டின்னில் போட வேண்டும். கழுவிய பிறகு எடுத்தால் பூஞ்சணம் பிடிக்கும். எடுக்கும்போது ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள், துதியும் கொடையும் ஒரே கையில் சேரும். பிடிக்கு 40 கிராம் என்றாலும், நாளுக்கு இருவேளை, முப்பது நாளில் 2.4 கிலோ. கோயிலில் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டுவதுதான் வழக்கமான பிழை. நாடு, சம்பா, சிவப்புப் பச்சை என்ற அரிசி வகைகள் கலந்தால் ஒன்று குழையும், மற்றது வேகாது. வாங்குகிறவருக்கு அது அவமானமாகவும் படும். மூன்று சாக்கு வையுங்கள். மாதாமாதம் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் வண்டு வரும்.

ரொட்டியே சாப்பாடாக இருக்கும் வீட்டில் கோதுமை மா போதும். இரண்டு புறாக்குஞ்சுக்கும் வழியில்லாதவனிடம் பாவநிவாரணபலிக்கு லேவியராகமம் 5:11 கேட்பதும் மாதான்: எப்பா என்ற பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 2 லீற்றர். அதில் எண்ணெயும் தூபவர்க்கமும் சேர்க்கக்கூடாது என்கிறது.