கடைசி வீட்டுக் குடம்

வணக்கம், நேயர்களே. தாமிரபரணித் தண்ணீர் குடிக்கும் ஒரு நகராட்சியில், 33 வார்டுகளில் ஒன்றுக்கு நான் கவுன்சிலர். அதற்கு முன்னால் பல வருடம் தையல் கடை நடத்தினேன். புதிதாக ஜெயித்து வந்த கவுன்சிலருக்கு அன்றாடம் என்னதான் வேலை, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். என்னுடைய முதல் வருடத்தை வைத்தே சொல்கிறேன்.

2022 பிப்ரவரி 19-ஆம் தேதி வாக்குப்பதிவு. 22-ஆம் தேதி எண்ணினார்கள். மார்ச் 2-ஆம் தேதி உறுதிமொழி எடுத்துக்கொண்டோம். தமிழ்நாட்டின் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சிகளுக்கும் சேர்த்து அறிவித்த தேர்தல் அது. வார்டுகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு நகரங்களில் நடந்த முதல் தேர்தலும் அதுதான். அந்தச் சட்டம் இல்லையென்றால் எங்கள் வார்டில் யாரும் என்னை நிற்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதை எங்கே பேசினாலும் சொல்லிவிடுவேன்.

போட்ட மாலை வாடுவதற்குள் முதல் போன் வந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணி. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார், விடிந்ததும் எடுக்க வேண்டும், சுடுகாட்டுப் பாதையில் மூன்று விளக்கு எரியவில்லை என்றார்கள். "சார்கிட்ட கொடுங்கம்மா" என்றார் பேசியவர். என் வீட்டுக்காரரைத்தான் கேட்டார். "நான்தான் கவுன்சிலர், என்கிட்ட சொல்லுங்க" என்றேன். அந்தப் பேச்சை ஆறு மாதமாவது திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். யார் வந்து கேட்டாலும் "அவகிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அது பெரிய உதவி.

அந்த விளக்கு விஷயத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். மின்கம்பம் மின்வாரியத்துடையது. அதில் தொங்கும் விளக்கும், அதற்கான மின்கட்டணமும் நகராட்சியுடையது. பல்பு போயிருந்தால் நகராட்சி ஆள் வருவார். கம்பியில் மின்சாரமே வரவில்லை என்றால் மின்வாரியத்து லைன்மேன் வர வேண்டும். இரண்டு பேரிடமும் கம்பத்து நம்பரைச் சொல்ல வேண்டும். "கோயில் பக்கத்துக் கம்பம்" என்று சொன்னால் வேலை நடக்காது. அடுத்த வாரமே வார்டு முழுக்க நடந்து ஒவ்வொரு கம்பத்து நம்பரையும் நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இன்றைக்கும் என் பையில் இருக்கிறது.

ரேஷன் கார்டு, பட்டா, முதியோர் உதவித்தொகை இவற்றுக்கெல்லாமும் மக்கள் நம்மிடம்தான் வருவார்கள். இதில் எதுவும் நகராட்சி கையில் இல்லை, எல்லாம் தாலுகா ஆபீஸ் வேலை. அதற்காக அவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராது. எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும், என்னென்ன நகல் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம். முடியாதவர்களோடு கூடவே போவோம். காலைப் பொழுது பாதி இதிலேயே போய்விடும். சரி, நம் கையிலேயே இருக்கிற வேலைக்கு வருகிறேன். அதில் பெரியது தண்ணீர்.

எங்கள் வார்டில் ஒரு மேட்டுத் தெரு. அதன் கடைசியில் ஒரு முடுக்கு, குறுகலான சந்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். அந்த முடுக்கின் கடைசி வீட்டு ஆச்சி என்னைப் பார்த்ததும் கேட்டார்: "ஓட்டுக் கேக்க வந்தப்போ இந்த முடுக்கு தெரிஞ்சுதுல்லா? தண்ணிக்கு மட்டும் ஏன் தெரியமாட்டேங்குது?" எனக்குப் பதில் வரவில்லை.

ஆபீசில் போய்ச் சொன்னேன். "மேட்டுப் பகுதி, பிரஷர் குறைவாத்தான் இருக்கும்" என்றார்கள். அது பொய் இல்லை. ஆனால் குறைவு என்றால் எவ்வளவு குறைவு? தையல்காரிக்கு அளவு இல்லாமல் கத்தரிக்கோலை எடுக்க வராது. அடுத்த முறை விடியற்காலையில் ஒரு கைக்கடிகாரத்தோடு போய் தெருவின் முதல் வீட்டுக் குழாயில் குடத்தை வைத்தேன். 35 விநாடியில் நிறைந்தது. நடுத் தெருவில் இரண்டு நிமிடம். ஆச்சி வீட்டில் தண்ணீர் வரவே ஒரு மணி நேரம் ஆனது. வந்த பிறகு ஒரு குடம் நிறைய ஐந்து நிமிடம். அரை மணி நேரத்தில் ஆறு குடம் பிடித்தார், தண்ணீர் நின்றுவிட்டது. வீட்டில் மூன்று பேர். குடம் 15 லிட்டர் என்று வைத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் வருகிறது. கிராமத்து வீட்டுக்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நகராட்சிக்கு வரி கட்டுகிற ஆச்சிக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மூன்று முறை தண்ணீர் விட்ட நாட்களில் வீடு வாரியாக எடுத்த கணக்கை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோனேன். பொறியாளர் அதை வாங்கிப் பார்த்தார். முதல் தடவையாக நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அப்புறம் அவரே ஃபிட்டரோடு தெருவுக்கு வந்தார். பத்துப் பன்னிரண்டு வீடு இருந்த காலத்தில் போட்ட இரண்டு அங்குலக் குழாய் அது. இப்போது அதே குழாயில் 34 இணைப்பு. அதோடு ஐந்து வீட்டில் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள்.

மோட்டாரைப் பறிமுதல் செய்யலாம், இணைப்பைத் துண்டிக்கலாம், அதற்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து வீடும் என் வார்டு வீடுதான். முதலில் பேசிப் பார்க்கலாம் என்று போனேன். நான்கு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "என் குழாயில் வர்ற தண்ணியத்தானே எடுக்கேன்" என்றார். தண்ணீர் வரும் நாளில் அவரை ஆச்சி வீட்டு வாசலுக்கு அழைத்துப் போனேன். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. அவர் மகனுக்குப் போன் செய்து, மோட்டார் சுவிட்சைப் போடச் சொன்னோம். அந்த நூலும் அறுந்தது. குழாய் வாய் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. ஆச்சி ஒன்றும் பேசவில்லை. அரைக்குடம் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். அன்று மாலையே அந்த வீட்டுக்காரர் மோட்டாரைக் கழற்றிவிட்டார்.

மேட்டுப் பாதிக்குத் தனி வால்வு வைத்து, முதல் முக்கால் மணி நேரம் மேலே விட்டு, அப்புறம் கீழே விடுவது என்று முடிவு செய்தோம். ஒரு வால்வு, கொஞ்சம் குழாய், ஒரு குழி, அவ்வளவுதான் வேலை. ஏப்ரலில் மனு கொடுத்தேன். எஸ்டிமேட் போட்டு ஜூனில் மன்றத்துக்கு வந்தது. ஆகஸ்டில் வேலை உத்தரவு, செப்டம்பரில் குழி தோண்டினார்கள். இந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு மேசையாகப் போய் "என் ஃபைல் எங்கே இருக்கு?" என்று கேட்டேன். கோபப்படாமலும் விடாமலும் கேட்டேன். கவுன்சிலர் வேலையில் பெரும்பகுதி அந்த நடைதான்.

மன்றக் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்தில் நாற்பதுக்கு மேல் பொருள் இருந்தது. எழுத்தர் வாசித்தார்: "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது." எங்கிருந்தோ "ஏற்கப்பட்டது" என்று குரல் வரும், அடுத்த பொருள் தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து காபி வந்துவிட்டது. என்னென்னவற்றுக்கு நான் சம்மதம் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எதிர்க்கட்சி வரிசையில் ஒரு மூத்த அண்ணாச்சி இருக்கிறார், மூன்றாம் முறை கவுன்சிலர். அவரிடம் போய், "அண்ணாச்சி, இந்தப் 'பின்னேற்பு'ன்னா என்ன?" என்று கேட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "அவசரம்னு தலைவர் முன் அனுமதி கொடுத்து வேலை முடிஞ்சிருக்கும். இப்போ மன்றம் ஒத்துக்கிட்டாச் சரி. அதுதாம்மா பின்னேற்பு. அந்த வார்த்தை வந்தா உடனே பென்சிலை எடு." அதிலிருந்து அஜெண்டா வீட்டுக்கு வந்ததும், ராத்திரி சமையல் முடித்து, பென்சிலோடு உட்கார்ந்துவிடுவேன். ஒரே நீரேற்று மோட்டாருக்கு நாலு மாதத்தில் மூன்று முறை காயில் கட்டிய செலவு ஒருமுறை கண்ணில் பட்டது. எழுந்து கேட்டேன். மோட்டார் பழசாகிவிட்டது, புதிது வாங்கினால்தான் தீரும் என்று விளக்கம் வந்தது. அப்படியானால் புதிது வாங்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள் என்றோம், கொண்டுவந்தார்கள். கட்சி பார்க்காமல் எல்லோரும் கையைத் தூக்கினோம்.

எல்லாத் தீர்மானமும் அப்படி மனநிறைவாக அமையாது. நாங்கள் பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு வந்தது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். வரியைத் திருத்தினால்தான் மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியம் கிடைக்கும் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த மானியம் இல்லாமல் எங்கள் ஊரில் குழாயும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. நான் ஆதரித்துக் கை தூக்கினேன். மறுநாள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பதில் சொன்னேன். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது. கூட்டின வரியில் என்ன வேலை நடந்தது என்று அவர்கள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் நான் கணக்குச் சொல்லத்தான் வேண்டும்.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு வாரம் அவர்களோடு பேட்டரி வண்டிக்குப் பின்னால் நடந்தேன். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் பாதி வீட்டில் ஒரே பையில்தான் வரும். குப்பையை உரமாக்கும் நுண் உரக்குடிலில் அந்தப் பையைப் பிரித்துக் கொட்டி ஒரு அக்கா கையால் பிரித்துக்கொண்டிருந்தார். குழந்தை டயபர், உடைந்த கண்ணாடி, வீட்டில் போட்டுக்கொண்ட சர்க்கரை ஊசி எல்லாம் சாம்பார்ச் சாதத்தோடு கலந்து கிடந்தது. அவர் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தார். கேட்டதற்கு, "ஊசி குத்திட்டு, பரவாயில்ல" என்றார். அப்போதே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கையுறை இருந்திருக்கிறது, ஆனால் கைக்குப் பெரியது. போட்டால் பையின் முடிச்சை அவிழ்க்க முடியாது. அளவு எடுக்காமல் எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்கியிருக்கிறார்கள். அடுத்த கொள்முதலுக்கு முன் எங்கள் வார்டுப் பணியாளர் அத்தனை பேருக்கும் டேப் வைத்துக் கை அளவு எடுத்து எழுதிக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊசியையும் கண்ணாடியையும் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, வாயால் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கை அது.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டம், அதாவது வார்டு மக்கள் கூடிப் பேசும் கூட்டம், வைத்தோம். பள்ளிக்கூட வராந்தாவில் அறுபது பேர்தான் வந்தார்கள். ஆச்சி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். "இப்போ ஒண்ணரை நிமிசத்துல குடம் நிறையுது" என்று எழுந்து சொன்னார். அடுத்த முடுக்குப் பெண்கள் இரண்டு பேர் அவர் பக்கம் திரும்பி, எப்படிக் கணக்கெடுத்தீர்கள் என்று கேட்டார்கள்.

போன வாரம் அந்தப் பெண்கள் என் வீட்டுக்கு ஒரு தாள் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள், செல்போனில் நேரம் பார்த்து எழுதியது. பதினெட்டு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடத்துக்கு எத்தனை நிமிடம் என்று இருக்கிறது. கடைசி வீட்டில் நாலரை. அந்தத் தாள் என் நோட்டுக்குள் இருக்கிறது. திங்கட்கிழமை பொறியாளர் மேசைக்குப் போகும். நன்றி, வணக்கம்.