பாதி நிறைந்த தொட்டி

நேயர்களுக்கு வணக்கம். கப்பல் மிதக்குமா என்பது ஒரு கேள்வி. சாய்ந்தால் நிமிருமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வடிவத்தில் ஒரு சரக்குக் கலம். நீளம் 40 மீட்டர், அகலம் 10, நீரில் அமிழ்ந்த ஆழம் 2.5. கலம் சாயும்போது மிதப்பு மையம், அதாவது நீரில் அமிழ்ந்த பகுதியின் நடுப்புள்ளி, தாழ்ந்த பக்கமாக நகரும். அங்கிருந்து செங்குத்தாக எழும் கோடு கலத்தின் நடுக்கோட்டை வெட்டும் இடமே மெட்டாசென்டர். 1746இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே வகுத்துத் தந்த கருத்து இது. ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை கலம் நிமிரும்.

மிதப்பு மையம் அடித்தளத்திலிருந்து 1.25 மீட்டர். அகலத்தின் வர்க்கமான 100ஐ, ஆழத்தின் 12 மடங்கான 30ஆல் வகுத்தால் 3.33. இரண்டையும் கூட்டினால் மெட்டாசென்டரின் உயரம் 4.58. ஈர்ப்பு மையம் 4 மீட்டரில் இருந்தால் இடைவெளி 0.58. சர்வதேச விதி கேட்பது 0.15தான், ஆகவே கவலையில்லை என்று தோன்றும்.

ஆனால் உள்ளே, கலத்தின் முழு அகலத்துக்கும், 10 மீட்டர் நீளத்தில் ஒரு தொட்டி. அதில் பாதியளவு கடல்நீர். அதன் எடையையும் சேர்த்துத்தான் அந்த 4 மீட்டர். இருந்தும், கலம் சாய்ந்தவுடன் நீர் தாழ்ந்த பக்கம் ஓடுகிறதே! தொட்டியின் நீளத்தை அகலத்தின் மும்மடியால் (10 × 10 × 10) பெருக்கி, 12ஆல் வகுத்து, கலம் விலக்கும் 1000 கனமீட்டர் நீரால் மீண்டும் வகுத்தால், அந்த இடைவெளியில் ஏற்படும் இழப்பு 0.83. கையிருப்போ 0.58. இந்தக் கலம் நேராக நிற்காது. தொட்டியின் நடுவே நெடுக ஒரு தடுப்பு வைத்தால் இழப்பு கால் பங்காக, 0.21 ஆகிவிடுகிறது. ஒரே ஒரு இரும்புத் தகடு செய்யும் இந்த வேலை என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

1987 மார்ச் 6 அன்று, பெல்ஜியத்தின் சீபுரூகே துறைமுகத்திலிருந்து ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற கப்பல் முன்கதவு திறந்தபடியே புறப்பட்டது. தடுப்பில்லாத வாகனத் தளத்தில் கடல்நீர் பரவி, சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் மாண்டார்கள்.

மெட்டாசென்டர் இடைவெளி போய் ஒருபுறம் சாய்ந்து நிற்கும் கப்பலை மீட்க அடித்தொட்டிகளில் நீர் ஏற்றுவார்கள். அங்கும் அவசரம் கூடாது. தொட்டி நிறையும்வரை அந்த நீரும் ஓடும் நீர்தான். அதனால் குறுகலான தொட்டி ஒன்றை முதலில் நிரப்ப வேண்டும். அதுவும் தாழ்ந்த பக்கத்தில். உயர்ந்த பக்கத்தில் ஏற்றினால் கப்பல் வேகமாக மறுபுறம் சரிந்து கவிழ்ந்தே போகலாம். நன்றி, வணக்கம்.