காவலாளி கையில் ஒரு போலி கிட்டார்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ஆரம்பகால வீடியோக்கள் ஹெவி மெட்டலுக்குப் பெருமையா, சிறுமையா?’ ஜூடாஸ் பிரீஸ்ட் ஒரு பிரிட்டிஷ் இசைக்குழு; ஹெவி மெட்டல் என்பது கிட்டார் அதிரும் முரட்டு ராக் இசை. பெருமையே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் எடுத்த எடுப்பில் ‘பிரேக்கிங் த லா’ பாட்டின் வீடியோவைப் பிடித்துக்கொண்டார். “கிட்டாரைக் காட்டி வங்கியைக் கொள்ளையடிக்கிறார்களாம், இதெல்லாம் ஒரு கதையா?” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, தட்டுங்கள். ஆனால் அவர் சொன்னது பாதிக் கதைதான்.

ஆண்டு 1980. லண்டன் வெஸ்ட்வே சாலையில், மேற்கூரை இல்லாத காரின் பின்சீட்டில் பாடிக்கொண்டே வருகிறார் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட். பாதிரியார் உடையில் இரண்டு பேர் கிட்டார் பெட்டிகளோடு வந்து சேர்கிறார்கள். வங்கிக்குள் போன பிறகுதான் தெரிகிறது, அவர்கள் குழுவின் கிட்டார் கலைஞர்கள் கிளென் டிப்டனும் கே.கே. டவுனிங்கும் என்று. கிட்டார் சத்தத்தில் வங்கியே ஸ்தம்பித்துப் போகிறது. அப்புறம் பெட்டகத்தை உடைத்து எதை எடுக்கிறார்கள்? நோட்டுக்கட்டையா? இந்தப் பாட்டு வந்த ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தின் தங்க இசைத்தட்டை, அதாவது ஆல்பம் அமோகமாக விற்றால் தரும் விருதை! அந்த ஆல்பம் கடைக்கு வந்ததே அதே ஆண்டு ஏப்ரலில்தான். யாராவது மேடையேற்றித் தரட்டும் என்று காத்திருக்காமல் தாங்களே போய் எடுத்துக்கொள்கிறார்கள். நடுவர் அவர்களே, இந்தத் திமிர் இல்லாமல் மெட்டல் ஏது?

பாட்டு யாரைப் பற்றியது? வேலையில்லாமல் வெறுத்துப்போன ஓர் இளைஞனைப் பற்றியது. ஆல்பம் வருவதற்குச் சற்று முன்புதான் பிரிட்டன் முழுக்க உருக்காலைத் தொழிலாளர்கள் 13 வாரம் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். குழுவோ பர்மிங்காம் பக்கத்துத் தொழிற்சாலைப் பிள்ளைகள். அந்தக் கோபத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு காட்டியிருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? சிரிக்கவைத்துக் காட்டினார்கள், இன்றுவரை பார்க்கிறோம்.

“காசில்லாத ஒப்பேற்றல் வேலை” என்றும் ஒரு குற்றச்சாட்டு. ஐயா, பாட்டே அப்படிப் பிறந்ததுதான்! ரிங்கோ ஸ்டார் வீட்டில் பதிவு செய்தார்கள். கண்ணாடி உடையும் சத்தத்துக்குப் பால் பாட்டில்களை உடைத்தார்கள். போலீஸ் சைரன் வேண்டுமா? டவுனிங் தன் கிட்டாரின் நெம்புகோலை ஆட்டியே அதைக் கொண்டுவந்தார். பாட்டு கைவேலையாக இருக்கும்போது வீடியோ மட்டும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வர வேண்டுமா?

வீடியோவின் இயக்குநர் ஜூலியன் டெம்பிள், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவை வைத்துப் படம் எடுத்தவர். பங்க் என்ற அந்தக் கலக இசையின் குறும்பு அவர் கையோடு வந்தது. பாட்டு வீடியோக்களுக்கென்றே வந்த எம்டிவி தொலைக்காட்சி தொடங்கியது 1981 ஆகஸ்டில். அதற்கு முன்பே இதே குழுவின் ‘லிவிங் ஆஃப்டர் மிட்நைட்’ வீடியோவில் டிரம்மர் கண்ணுக்குத் தெரியாத டிரம்மை வாசித்துவிட்டார். எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லித்தர அப்போது யார் இருந்தார்கள்?

இவர்களுடைய ‘ஹாட் ராக்கின்’ பாட்டு வீடியோவின் உடற்பயிற்சிக்கூடக் காட்சியை மட்டும் என்னால் காப்பாற்ற முடியாது. அதை எதிரணிக்கே எழுதிக்கொடுத்துவிடுகிறேன். ஆனால் அதே வீடியோவில் ஹால்ஃபோர்டின் காலில் தீ எரிகிறதே, அது எங்களுக்கு!

மணி அடிப்பதற்குள் இன்னொன்று. வங்கிக் கொள்ளையில் ஒருவரை எதிரணி மறந்துவிட்டது: காவலாளி. வங்கியைக் காக்கச் சம்பளம் வாங்குபவர். கொள்ளை நடக்கும்போது அவர் அலாரத்தை அமுக்கவில்லை. ஒரு போலி கிட்டாரை மாட்டிக்கொண்டு கூடவே வாசிக்கிறார்! அந்த வீடியோ சிறுமை என்றால், கதவைப் பூட்டிக்கொண்டு துடைப்பத்தில் கிட்டார் வாசித்த எதிரணி நண்பரும் அந்தக் காவலாளியோடு சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். அவருடைய துணைவியார் முன்வரிசையில் சிரிக்கிறார், பாருங்கள். நன்றி, வணக்கம்.