பள்ளியைத் திறக்கும் முன் ஒரு இஞ்ச் டேப்பை எடுங்கள்

[திரையில்: பூட்டிய கேட். அடியில் முழங்கால் உயரப் புல். சங்கிலியை அவிழ்க்கும் ஒரு கை.]

2021 ஜனவரி 19. பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்த தமிழ்நாட்டுப் பள்ளிகள் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திறந்த நாள். நாட்டில் கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்ததே அதற்கு மூன்று நாள் முன்னால்தான், அதுவும் முதலில் சுகாதாரப் பணியாளர்களுக்கு. ஆசிரியர் என்பதற்காகத் தனி வரிசை அப்போது கிடையாது.

அன்று ஸ்டாஃப் ரூமில் எழுந்த கேள்விகள் எல்லாமே நியாயமானவை. பெஞ்சுக்கு எத்தனை பேர்? மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு பீரியட் எப்படிப் பேசுவது? கழிப்பறையை யார் கழுவுவார்கள்? ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பழி யார் தலையில்? வீட்டில் இருக்கிற எழுபது வயது அம்மாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால்?

பள்ளி திறப்புக்கான அரசுச் சுற்றறிக்கை சில எண்களைக் கொடுத்தது. வகுப்புக்கு 25 பேர், ஆளுக்கு ஆள் 6 அடி. அந்த எண்களை உங்கள் அறையில் வைத்து அளந்து பார்ப்பதுதான் இந்த வீடியோவின் வேலை. அளந்தால்தான் எந்தப் பயத்துக்கு முதலில் பதில் தேட வேண்டும் என்பது தெரியும். இன்னொரு தொற்று வந்து இன்னொரு முறை மூடித் திறக்க நேர்ந்தாலும் கணக்கு இதேதான்.

[திரையில்: சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறிக்கப்படும் கோடுகள்.]

20 அடிக்கு 20 அடி உள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் கரும்பலகையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிற்கிறார். அவருக்கும் முதல் வரிசைக்கும் 6 அடி விட்டால் முதல் வரிசை ஏழரை அடியில் வரும். அடுத்தது பதின்மூன்றரை. அதற்கடுத்தது பத்தொன்பதரை, அதாவது பின்சுவரை ஒட்டி. ஆக மூன்று வரிசை. பக்கவாட்டில் 1, 7, 13, 19 அடிகளில் நாலு பேர். மூநான்கு பன்னிரண்டு.

25 பேர் வேண்டும் என்றால் ஐந்து வரிசை போட வேண்டும். அப்போது பக்கவாட்டில் நாலரை அடி கிடைக்கும். முன்னும் பின்னும் 3 அடிதான். 25 என்ற எண்ணும் 6 அடி என்ற எண்ணும் இந்த அறைக்குள் ஒன்றாக உட்காரவே உட்காரா. பெஞ்சுகளை எத்தனை விதமாக மாற்றிப் போட்டாலும் பொருந்தவில்லையே என்று குழம்பிய ஆசிரியர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

வழி மூன்று. பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி ஒருநாள் விட்டு ஒருநாள் வரவழைப்பது. இதில் ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்த வேண்டும். அந்தக் கூடுதல் வேலையைக் கால அட்டவணையில் எழுதிவிடுங்கள், எழுதாவிட்டால் அது யார் கணக்கிலும் வராது. அடுத்தது, ஹாலையும் தாழ்வாரத்தையும் மரத்தடியையும் வகுப்பாக்குவது. மூன்றாவது, 3 அடியை ஏற்றுக்கொண்டு, குறைந்த இடைவெளியைக் காற்றோட்டத்தாலும் மாஸ்க்காலும் ஈடுகட்டுவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் பதிவேட்டில் “6 அடி” என்று எழுதாதீர்கள். உள்ள அளவையே எழுதுங்கள். நாளைக்கு ஒருவருக்குத் தொற்று வந்தால், யாருக்குப் பரிசோதனை தேவை என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

[திரையில்: ஜன்னலோரம் பிடித்த ஊதுபத்தி. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது நெருக்கத்தில்.]

இப்போது காற்று. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

தொற்று உள்ளவர் பேசும்போது வரும் நுண்துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை அடைத்த அறையில் புகைபோல மிதந்துகொண்டே இருக்கும். 6 அடி இடைவெளி பெரிய துளியிலிருந்துதான் காக்கும். மிதப்பதைக் குறைக்க முக்கியமான வழி வெளிக்காற்று.

எவ்வளவு வெளிக்காற்று? உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் சொன்ன அளவு, ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர். 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், மொத்தம் 26 பேர் என்றால் நொடிக்கு 260 லிட்டர், மணிக்குச் சுமார் 940 கன மீட்டர். நம் 20க்கு 20 அறையில் கூரை 10 அடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று 113 கன மீட்டர். அதாவது அறைக் காற்று மணிக்கு எட்டு முறைக்கு மேல் முழுசாக மாற வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னலும் கதவும் திறந்திருந்தால் லேசான காற்றுக்கே இது நடந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறையில் பெரும்பாலும் நடக்காது.

சீலிங் ஃபேன் போட்டிருக்கிறோமே என்று பலரும் கேட்பார்கள். ஃபேன் உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. ஜன்னல் திறந்திருந்தால் ஃபேன் உதவி. அடைத்திருந்தால் ஒருவர் மூச்சை அறை முழுக்கப் பரிமாறும்.

ஊதுபத்திச் சோதனை செய்யுங்கள். எல்லா ஜன்னலையும் திறந்து, ஃபேனை நிறுத்தி, ஒவ்வொரு ஜன்னலிலும் மார்பு உயரத்தில் பத்தியைப் பிடியுங்கள். ஒரு பக்கம் புகை உள்ளே சாய்ந்து, எதிர்ப்பக்கம் வெளியே போனால் நல்லது. நேராக மேலே எழும்பி அங்கேயே தங்கினால் அந்த அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் தேவை. மணிக்கு எத்தனை கன மீட்டர் தள்ளும் என்று ஃபேன் பெட்டியிலேயே போட்டிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். வலையும் தூசியும் ஒட்டினால் நன்றாகக் குறையும். திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டவும் கூடாது. ஜன்னல் வழியாக வந்த காற்றை அப்படியே திருப்பி வெளியே தள்ளிவிடும். பின்பெஞ்சுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் உயரமாக மாட்டுங்கள்.

நாம் விடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது. அது அறையில் கூடினால் வெளிக்காற்று போதவில்லை என்று அர்த்தம். கரியமில வாயு மீட்டர் வாங்க முடிந்தால் பள்ளிக்கு ஒன்று போதும், அறை அறையாகக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். வெளியே 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு, அளவில் காட்டும். வகுப்பில் 800க்குள் இருந்தால் திருப்தி. 1500ஐத் தாண்டினால் பாடத்தை நிறுத்திவிட்டு அறையைத் திறந்துவிட வேண்டும். 26 பேர் உள்ள இந்த அறையை முழுக்க அடைத்தால் அரை மணி நேரத்தில் 2000ஐத் தொட்டுவிடும். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: மீட்டர் பக்கத்தில் சானிடைசரைக் கையில் தேய்த்துப் பாருங்கள். எண் சட்டென்று எகிறினால் அது கரியமில வாயுவை அளக்கவில்லை, ஆல்கஹால் ஆவியைப் பார்த்து ஊகிக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில்தான் இதெல்லாம் கெடும். 2021 இல் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை திறந்தது நவம்பர் 1, வடகிழக்குப் பருவமழையின் நடுவில். சாரல் அடிக்கிற பக்கத்தை மட்டும் மூடுங்கள். எதிர்ப்பக்கமும் மேலே உள்ள வெண்டிலேட்டரும் திறந்தே இருக்கட்டும். வெண்டிலேட்டரில் அட்டையும் பழைய வினாத்தாளும் செருகியிருக்கும். திறப்பு நாளுக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள்.

[திரையில்: மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பாடம் நடத்தும் ஆசிரியரின் கோட்டோவியம். மேலே சிவப்புக் குறுக்குக்கோடு.]

மாஸ்க் போட்டுக்கொண்டு கத்தினால் இரண்டாவது பீரியடிலேயே தொண்டை கட்டிவிடும். உடனே மாஸ்க் தாடைக்கு இறங்கும். உரக்கப் பேசும்போதுதான் நுண்துளி அதிகமாக வரும் என்பதால், இறக்கவே கூடாத நேரம் அது. ஆசிரியருக்கு இடுப்பில் மாட்டும் சிறிய ஸ்பீக்கரும் காதோர மைக்கும் வாங்கிக் கொடுங்கள். குரலும் பிழைக்கும், அறையும் பிழைக்கும். மைக்கை ஆளுக்கு ஆள் மாற்றாதீர்கள். வியர்த்து நனைந்த மாஸ்க்கில் மூச்சு இழுக்க முடியாது, ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு. என்95 இல் வால்வு வைத்தது வேண்டாம். நாம் விடும் மூச்சை அது வடிகட்டாமல் வெளியே விட்டுவிடும்.

வாசலில் காய்ச்சல் பார்ப்பது அடுத்தது. 400 பிள்ளைகள், ஆளுக்கு 6 விநாடி, ஒரே தெர்மல் ஸ்கேனர் என்றால் 40 நிமிடம். அந்த 40 நிமிடமும் கேட்டில் நெரிசல். மூன்று கருவி, மூன்று வரிசை, வகுப்புவாரியாக நேரம் பிரித்தால் கால் மணி நேரத்துக்குள் முடியும். வெயிலில் நடந்து வந்த நெற்றி கூடுதலாகக் காட்டும். நிழலில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அறிகுறியே இல்லாமல் தொற்றுள்ள பிள்ளையை இந்தக் கருவி கண்டுபிடிக்காது. காலையில் வீட்டிலேயே காய்ச்சல் பார்த்து, இருந்தால் அனுப்பாமல் இருப்பது இதைவிடப் பயன். வராத நாளுக்குத் திட்ட மாட்டோம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொன்னால்தான் அவர்கள் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள்.

[திரையில்: வாளி, எடைத்தராசு, வெள்ளைப் பொடி.]

பிளீச்சிங் பவுடர். நல்ல சரக்கில் 33 சதவீதம் குளோரின் இருக்கும். லிட்டருக்கு 30 கிராம் போட்டால் 1 சதவீதக் கரைசல். 10 லிட்டர் வாளிக்கு 300 கிராம். திரவ ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். கழிப்பறைக்கும் வாஷ்பேசினுக்கும் இது. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அழுக்கு இருந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும். பிறகு கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும். திறந்து வைத்த பழைய மூட்டையில் வாசனை இருக்கும், வீரியம் இருக்காது.

கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு இதைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிப்பறையில் ஆளையே சாய்த்துவிடும். இதைத் தூய்மைப் பணியாளரிடம் நேரில் சொல்லுங்கள், கையுறையும் அவர் அளவுக்கு வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள்மேலோ ஆசிரியர்கள்மேலோ எதையும் தெளிக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். ஆள்மேல் தெளிக்க வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதம் அறிவுறுத்திவிட்டது. டெஸ்க்குக்குச் சோப்புத் தண்ணீரே போதும்.

மாதக்கணக்கில் தேங்கிய தொட்டித் தண்ணீரைப் பிள்ளைகளுக்கு விடாதீர்கள். இறக்கி, தேய்த்து, நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பவுடரை வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, இரவு முழுக்க விட்டு, மறுநாள் எல்லாக் குழாயையும் திறந்து வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுங்கள்.

கை கழுவச் சோப்பை நம்புங்கள். சானிடைசர் ஒரு தடவைக்கு 3 மில்லி. 400 பேர், மூன்று தடவை என்றால் நாளுக்கு 3.6 லிட்டர். 5 லிட்டர் கேன் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கு எரியும்போது சானிடைசர் பாட்டில் அந்த மேசையில் இருக்கவே கூடாது.

[திரையில்: ஸ்டாஃப் ரூம். ஒரே மேசை, ஏழு டிபன் பாக்ஸ்.]

வகுப்பில் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, மதியம் ஒரே மேசையைச் சுற்றி மாஸ்க்கைக் கழற்றி, கூட்டையும் பொரியலையும் பகிர்ந்து, அரை மணி நேரம் பேசிக்கொண்டு சாப்பிடுவது நடக்கிறது. பிள்ளையிடமிருந்து ஆசிரியருக்கு வரும் என்றே பயப்படுகிறோம்; சக ஆசிரியரிடமிருந்து வரும் வழி இந்த மேசை. இரண்டு குழுவாக, தாழ்வாரத்தில், ஒரே பக்கம் பார்த்து உட்காருங்கள். சத்துணவுச் சமையலரையும் உதவியாளரையும் இந்த ஏற்பாட்டில் மறந்துவிடாதீர்கள். கூட்டத்துக்குக் கூப்பிடும்போது அவர்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நல்ல காற்றோட்டமான அறையை முதலில் ஒதுக்குங்கள். அவர்களாக வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பலர் கேட்கவே மாட்டார்கள்.

[திரையில்: காகிதத்தில் வரைந்த இருக்கைப் படம். ஒரு கட்டத்தில் மட்டும் பென்சில் வட்டம்.]

இத்தனைக்குப் பிறகும் தொற்று வரலாம். 2021 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் 50க்கும் மேற்பட்ட மாணவியருக்கு வந்தது. பக்கத்துப் பள்ளிகளிலும் அடுத்தடுத்து வந்தது. மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளை மறுபடி மூடினார்கள்.

ஆகவே ஒவ்வொரு வகுப்புக்கும் இருக்கைப் படம் வரையுங்கள். இடம் மாறக் கூடாது. தினமும் முதல் பீரியடில் வகுப்பாசிரியர் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்தால் போதும். பிள்ளைக்குக் காய்ச்சலோ இருமலோ என்றால், எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தாமல், பையை எடுத்துக்கொண்டு வா என்று அழைத்துப் போங்கள். தனி அறை என்று ஸ்டோர் ரூமில் அடைக்க வேண்டாம். நிழலான தாழ்வாரத்துக் கோடி அதைவிட நல்லது. கூட இருப்பவர் ஒரே ஒருவர், என்95 மாஸ்க்கோடு. பெற்றோருக்கு ஃபோன், ஆலோசனைக்கு 104, மூச்சுத் திணறல் என்றால் உடனே 108. சீக்கிரம் முடிவு தரும் ஆன்டிஜென் சோதனையில் இல்லை என்று வந்தாலும் அறிகுறி இருந்தால் ஆய்வகத்தில் பார்க்கும் ஆர்டிபிசிஆர் சோதனை எடுக்க வேண்டும்.

பிள்ளையின் பெயரை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் வீட்டுக்குத் தனித்தனியாக ஃபோன் செய்து, பெயர் சொல்லாமல், என்றைக்குச் சோதனை, எங்கே சோதனை என்று மட்டும் சொல்லுங்கள். குணமாகித் திரும்பி வருகிற அன்று அந்தப் பிள்ளை கடைசிப் பெஞ்சுக்குத் தானாகவே ஒதுங்கிப் போகும். இருக்கைப் படத்தில் உள்ள அதன் பழைய இடத்திலேயே உட்கார வையுங்கள்.