எது இனம்? கொறங்காட்டில் நின்று ஒரு கேள்வி
(காங்கேயம் வட்டார உழவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கொறங்காடு என்பது உயிர்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, கால்நடை மருத்துவர் ஐயா அவர்களே, ஆடு மாடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, நோட்டும் கையுமாக முன்வரிசையில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, பந்தலும் மோரும் தந்த தோட்டத்து வீட்டாரே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா? இனம், அதாவது ஸ்பீசிஸ், என்றால் நம் முன்னோர் கணக்கு இதுதான். உயிரியல் அறிஞர் எர்னஸ்ட் மாயர் 1942இல் இதை இறுக்கிச் சொன்னார்: இயற்கையில் தமக்குள் கூடிப் பெருகி, பிற கூட்டத்தோடு கலக்காதிருக்கும் கூட்டமே ஓர் இனம். மாடு, குருவி, புல் மூன்றையும் வைத்து இதைச் சோதிப்போம்.

திமிலுள்ள நம் மாட்டுக்கும் திமிலில்லாத ஐரோப்பிய மாட்டுக்கும் உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் தனித்தனி இனப்பெயர் வைத்தார். ஆனால் இரண்டும் கூடிப் பிறக்கும் கன்று மலடில்லை. அப்படியானால் இரண்டு பெயர் எதற்கு? மாட்டைப் பற்றி மருத்துவர் ஐயா விரிவாகப் பேசுவார்.

குருவிக்கு வருகிறேன். பனிக்காலத்தில் நம் மலைக்காடுகளுக்கு ஒரு பச்சைநிறக் கதிர்க்குருவி வரும். சிட்டுக்குருவியைவிடச் சிறிசு. அதன் உறவுக் கூட்டங்கள் கூடு கட்டும் இடம் இமயமலையில் தொடங்குகிறது. ஒரு கிளை மேற்கே மத்திய ஆசியா வழியாக வடக்கே ஏறுகிறது. இன்னொன்று கிழக்கே சீனா வழியாக. நடுவில் திபெத் பீடபூமி, அதைச் சுற்றி வளையம் போலக் குருவிக் கூட்டங்கள். போகப் போகப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறும், ஆனாலும் அக்கம்பக்கத்துக் கூட்டங்கள் ஜோடி சேரும். இரண்டு கிளையும் சைபீரியாவில் ஒரே காட்டில் சந்திக்கின்றன. அங்கே ஒன்றின் பாட்டு மற்றொன்றின் காதில் ஏறுவதில்லை. ஜோடி சேர்வதும் அநேகமாக இல்லை! சீனப் பக்கம் ஓர் இடைவெளி உண்டு. பழங்காலத்தில் இந்த வளையம் அறுந்து அறுந்து சேர்ந்ததை மரபணுவும் காட்டுகிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும் கேட்கிறேன், ஓரினமா, ஈரினமா? கோட்டை எந்த மலையில் போடுவீர்கள்?

புல்லில் வரையறைக்குப் பிடிமானமே இல்லை. நம் கொழுக்கட்டைப் புல் பெரும்பாலும் கருவுறாமலே விதை கட்டும். பிள்ளை தாயின் அச்சு. கூடலே இல்லாத இடத்தில் கூடலை வைத்து இனம் பிரிப்பது எப்படி? கதிரின் மயிர்முட்கள் அடியில் ஒட்டியிருக்கின்றனவா, தனித்தனியா என்று பார்த்தே, பல இனங்களை அடக்கும் பேரினப் பெயராக இதைச் சென்க்ரஸ் என்றார்கள், பிறகு கம்பின் கூட்டமான பென்னிசெட்டம் என்றார்கள், மறுபடியும் சென்க்ரஸ் என்கிறார்கள்.

விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா? இந்தப் புல்லுக்கு அந்தச் சொல் அட்சரம் பிசகாமல் பொருந்தும். ஆகவே உங்கள் கொறங்காட்டுப் புல் ஒரு தனி வம்சம். பட்டியலில் இனப்பெயர் பத்திரமாக இருக்கும். மனையாகப் போன காட்டின் வம்சம் திரும்பாது. கிளுவை வேலியைப் பிடுங்காதீர்கள், வெள்வேல மரத்தை வெட்டாதீர்கள். கதிர் பழுத்து, கையால் உருவினால் உதிரும் பதத்தில் விதை எடுங்கள். புது விதைக்கு உறக்கம் உண்டு. உடனே போட்டால் சரியாக முளைக்காது. ஆறு மாதமாவது உலர்ந்த சாக்கில் வையுங்கள். பஞ்சு போன்ற விதை காற்றில் பறக்கும், ஈரமணலில் பிசறி ஏக்கருக்கு மூன்று கிலோ தூவுங்கள். ஆழமாக மண் மூடினால் முளை சரியாக மேலே வராது. முதல் வருசம் விதை உதிரும்வரை ஆட்டை உள்ளே விடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால், பக்கத்துக் காட்டுக்காரருக்கும் ஒரு படி விதை கொடுங்கள்.