அப்கிரேடுக்கு 650தானே வரணும், ஏன் 825 கேக்குறாங்க?

வணக்கம் மக்களே. பலகை இருக்கு, சிவப்பு மார்க்கர் இருக்கு. இன்னைக்கு விமான நிலைய லவுஞ்ச் பத்தின வீடியோ வரும்னு சொல்லியிருந்தேன்ல, அது அடுத்த வாரம். போன வீடியோவுக்குக் கீழ ஒரே கேள்வியா வந்து குவிஞ்சிருக்கு, அத முடிக்காம வேற எதையும் பேச முடியாது.

கேள்வி இதுதான். போக வர எகானமி டிக்கெட் 600க்கு வாங்கியாச்சு. இப்ப அதே விமானத்துல போக வர பிசினஸ் 1,900 காட்டுது. வித்தியாசம் 1,300. போறதுக்கு மட்டும் பிசினஸுக்கு மாத்தினா பாதி, 650. ஆனா விமான நிறுவனம் கேக்குறது 825. "இது கொள்ளை இல்லையா?" கொள்ளை இல்லங்க. ஆனா அந்த 175 எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஆப்புல ஒரு வரி போட மாட்டாங்க பாருங்க, எனக்கு எரிச்சல் அங்கதான்.

பலகையப் பாருங்க. எந்த நாட்டுக் காசா வேணா வச்சுக்கோங்க, கணக்குக்காகப் போட்ட எண்தான். அந்த 600ல அடிப்படைக் கட்டணம் 400, விமான நிறுவனம் மேல போடுற கூடுதல் கட்டணம், அதாவது சர்சார்ஜ் 120, வரி 80. டிக்கெட்டுல ஒய்.க்யூ, ஒய்.ஆர்னு ரெண்டு குறியீடு இருக்குமே, அதுதான் சர்சார்ஜ். பேரு வரி மாதிரி இருக்கும், வரி இல்ல, ஏமாறாதீங்க. பிசினஸ் 1,900ல அடிப்படை 1,500, சர்சார்ஜ் 260, வரி 140. கேபின், அதாவது எகானமியா பிசினஸாங்கறது, மாறினா மூணுமே மாறலாம். பிரிட்டன்லேர்ந்து கிளம்புற விமானத்துக்கு ஏர் பாசஞ்சர் டியூட்டின்னு ஒண்ணு உண்டு. எகானமிய விட்டு பிரீமியம் எகானமிக்குப் போனாலே அது ரெண்டு மடங்கோ அதுக்கு மேலயோ ஆயிடும். பிரான்ஸ்லயும் கேபினப் பாத்துதான் வரி.

இப்ப போறதுக்கு மட்டும் பிசினஸ். அடிப்படை பாதி 750, திரும்பி வர எகானமி பாதி 200, மொத்தம் 950. கட்டின 400 போக 550. சர்சார்ஜ் 130ம் 60ம் 190, கட்டினது 120, பாக்கி 70. வரி 110, கட்டினது 80, பாக்கி 30. கூட்டுங்க, 650. உங்க கணக்கு தப்பே இல்ல. மேல மாற்றக் கட்டணம் 75, அது டிக்கெட் விதியிலேயே இருக்கும். இன்னும் 100 பாக்கி. யாருமே எதிர்பார்க்காத 100 அது, ஏன்னா அது வர்றது நீங்க கையே வைக்காத திரும்பி வர்ற பயணத்துலேர்ந்து.

எப்படின்னா, காசு கட்டி கேபின் மாத்துறதுங்கறது பழைய டிக்கெட்டக் குடுத்துட்டு புது டிக்கெட் வாங்குறது. விமான நிறுவனங்க பாஷையில ரீஇஷ்யூ. பயணம் இன்னும் தொடங்கலன்னா பெரும்பாலான விதிகள் முழு டிக்கெட்டையும் இன்னைக்குக் கட்டணத்துல மறுபடி கணக்குப் போடச் சொல்லும். நீங்க வாங்கின மலிவு எகானமிக்கு "கிளம்புறதுக்கு 21 நாள் முன்னாடி டிக்கெட் போட்டிருக்கணும்"னு ஒரு நிபந்தனை இருந்திருக்கும். அன்னைக்கு 40 நாள் முன்னாடி போட்டீங்க, செல்லுச்சு. இன்னைக்கு கிளம்ப 10 நாள்தான் இருக்கு. ரீஇஷ்யூ பண்ற தேதிதான் கணக்கு. அதனால திரும்பி வர்ற சீட் உங்க பேர்ல இருந்தாலும் அந்த 200 செல்லாது, அடுத்த படி 300க்குத் தள்ளிடும். 550 இருந்த எடத்துல 650. ஆக 650, 70, 30, 75, மொத்தம் 825. ஒரு பைசா மிச்சமில்ல.

எல்லா நிறுவனமும் இப்படி இல்ல. மாத்தாத பகுதிய பழைய கட்டணத்துலயே விட்டு வைக்கிற விதியும் இருக்கு. போற பயணம் முடிஞ்சு, திரும்பும்போது மட்டும் மாத்தினா, பறந்து முடிச்ச பகுதிக்கு வழக்கமா டிக்கெட் போட்ட அன்னைக்கு இருந்த கட்டணம்தான் நிக்கும். எங்க பாக்கறது? கட்டண விதியில எண் போட்ட பிரிவுகள் இருக்கும். 5 முன்கூட்டி வாங்குற நிபந்தனை, 16 அபராதம், 31 நீங்களா விரும்பி மாத்துறதுக்கான விதி. போன்ல பேசும்போது "31 என்ன சொல்லுது, வாசிங்க"ன்னு கேளுங்க. எதிர்ல இருக்கறவங்க குரலே மாறும்.

கேக்குறதுக்கு முன்னாடி தொகைய நீங்களே கிட்டத்தட்டப் புடிச்சிரலாம். தேடும்போது போக வரன்னு போடாதீங்க, மல்டி சிட்டின்னு இருக்குற தேர்வப் போடுங்க. ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியா கேபின் தேர்வு பண்ண விடும் இடத்துல போறது பிசினஸ், வர்றது எகானமி, அதே தேதி, அதே விமானம். வர்ற மொத்தத்துலேர்ந்து நீங்க கட்டினதக் கழிங்க, மாற்றக் கட்டணத்தக் கூட்டுங்க. அதுதான் உண்மையான எண். ஒன்வே விலையப் பாத்துட்டு வந்து சண்டை போடாதீங்க. பல தடங்கள்ல ஒன்வே, போக வர விலையில பாதியே இல்ல, எக்கச்சக்கமா இருக்கும்.

அப்புறம் கட்டண வகுப்பக் குறிக்கிற எழுத்து சமாச்சாரம். பழைய ஆளுங்களுக்குத் தெரியும், வேகமாப் போறேன். பிசினஸ் கேபின்னா ஒரே விலை இல்ல. ஜே, சி, டி, ஐ, இசட்னு உள்ளுக்குள்ள பல வகுப்பு. எழுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஜே மட்டும் பெரும்பாலும் உச்ச விலை. எழுத்துக்குப் பக்கத்துல 9 இருந்தா அந்த வகுப்புல ஒன்பது சீட்டோ அதுக்கு மேலயோ இருக்குன்னு அர்த்தம், 0ன்னா மூடியாச்சு. சீட் மேப்ல பாதி கேபின் காலின்னு போட்டோ அனுப்புறீங்க. காலியா இருக்கறது முக்கியமில்லங்க, எந்த எழுத்து திறந்திருக்குங்கறதுதான் முக்கியம். இசட் மூடி ஜே மட்டும் இருந்தா, நாப்பது சீட் காலியா இருந்தாலும் உச்ச விலைதான்.

இப்ப எனக்குப் புடிக்காத விஷயம். ஆப்புல "அப்கிரேட்"னு ஒரு பட்டன். அதுக்குப் பின்னாடி ரெண்டு வேற சரக்கு இருக்கு. ஒண்ணு நம்ம ரீஇஷ்யூ. புது டிக்கெட், புது வகுப்பு, அந்த வகுப்புக்கான பேகேஜ், மைல்ஸ்ங்கற பயணப் புள்ளி, ரீஃபண்ட் விதி எல்லாம் கூடவே வரும். இன்னொண்ணு நிலையான விலையில குடுக்குற சலுகை, இல்ல ஏலம். அதுல பழைய டிக்கெட் அப்படியே இருக்கும், கட்டின காசுக்கு இ.எம்.டி.ன்னு தனி ரசீது வரும். சீட்டும் சாப்பாடும் பிசினஸ். மைல்ஸ் பெரும்பாலும் பழைய எகானமி வகுப்புக்குத்தான் ஏறும். லவுஞ்ச், பேகேஜ் உண்டா இல்லையான்னு சலுகை விதியப் படிச்சாதான் தெரியும். நீங்களா ரத்து பண்ணா அந்தக் காசு பொதுவா திரும்பாது. கிளம்பற நாள் நெருங்க நெருங்க ரீஇஷ்யூ விலை பெரும்பாலும் ஏறும். இந்தச் சலுகை விலை சில சமயம் செக்-இன் நேரத்துல எறங்கும், எறங்காமலும் போகும். ரெண்டையும் ஒரே பட்டன்ல ஒளிச்சு வைக்கிறாங்களே, அதத்தான் என்னால மன்னிக்க முடியல.

காசு கட்டினதும் ஒண்ணே ஒண்ணு பாருங்க, டிக்கெட் நம்பர். 13 இலக்கம், முதல் 3 நிறுவனத்தோட எண். ரீஇஷ்யூ ஆகியிருந்தா நம்பர் மாறியிருக்கணும், பழைய நம்பர் "எக்ஸ்சேஞ்ச்டு"ன்னு ஆகியிருக்கணும். அடிக்கடி நடக்கறது என்னன்னா, புக்கிங்ல வகுப்பு மட்டும் மாறும், டிக்கெட் ரீஇஷ்யூ ஆகாம நிக்கும். ஆப்புல பிசினஸ்னு அழகாத் தெரியும். கவுன்ட்டருக்குப் போனா புக்கிங் ஒரு வகுப்பு, டிக்கெட் ஒரு வகுப்பு, போர்டிங் பாஸ் அடிக்காது. புக்கிங் எண், அதான் பி.என்.ஆர்., மாறாது, அத வச்சு நிம்மதியாகிடாதீங்க.

அட, முக்கியமானத விட்டுட்டேன். மாற்றத்துக்கு முன்னாடி செக்-இன் பண்ணிடாதீங்க. செக்-இன் ஆன டிக்கெட்ட ரீஇஷ்யூ பண்ண, முதல்ல செக்-இன்ன நீக்கணும். அத விமான நிலையத்துலதான் செய்வோம்னு நிறைய பேர் கை விரிச்சிருவாங்க. ஏஜென்ட் கிட்டயோ புக்கிங் தளத்துலயோ வாங்கின டிக்கெட்டா? நிறுவனம் "வாங்கின எடத்துலயே மாத்துங்க"ன்னு திருப்பி அனுப்பும், அங்க அவங்க சேவைக் கட்டணம் தனி. நம்ம 825க்கு மேல அது.

எகானமியில காசு குடுத்து எடுத்த சீட் போயிடும், ஸ்பெஷல் மீல் மறுபடி சொல்லணும். ஒரே புக்கிங்ல நாலு பேர் இருந்து ஒருத்தருக்கு மட்டும் மாத்தினா புக்கிங்க ரெண்டாப் பிரிப்பாங்க. விமானம் ரத்தானா ரெண்டையும் தனித்தனியா மாத்துவாங்க. அதனால ரெண்டு புக்கிங்லயும் குறிப்பு போட்டு இணைக்கச் சொல்லுங்க.

மார்க்கர மூடிட்டேன், ஆனா ஒண்ணு. மடியில கைக்குழந்தை இருந்தா? வெளிநாட்டுப் பயணத்துல சீட் இல்லாத குழந்தைக்கும் டிக்கெட் உண்டு, வழக்கமா பெரியவங்க கட்டணத்துல 10 சதவீதம். நீங்க பிசினஸ் போனா அந்த 10 சதவீதமும் பிசினஸ் கட்டணத்துல. குழந்தை டிக்கெட்டையும் சேர்த்து ரீஇஷ்யூ பண்ணாங்களான்னு கேளுங்க, ரெண்டு புது நம்பர் கைக்கு வரணும்.